கடைமடையைக் கேட்ட பிறகு

“டீச்சரம்மா, பொம்பள நீர்க்கட்டியா இருக்கக் கூடாதுன்னு கவர்மெண்டுல எங்கயாவது எழுதியிருக்கா?”

மாரிக்கண்ணு அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடுபவர்தான் நீர்க்கட்டி. 1912 சித்திரை. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே உள்ள அந்தச் சிற்றூரின் மிஷன் பள்ளிக்கு நான் ஆசிரியையாக வந்து ஓராண்டு ஆகியிருந்தது. தோளில் மண்வெட்டியும் முழங்கால்வரை சேறுமாகப் படிக்குக் கீழேயே நின்றார்.

“எனக்குத் தெரியலியே அக்கா” என்றேன்.

“இங்கிலீசும் படிச்சவுகன்னு சொன்னாவளே?”

“படிச்ச புஸ்தகத்துல நீர்க்கட்டி வரலியே.”

சிரித்துவிட்டார். “அப்பம் நம்மூரு முன்சீப்புக்கு என்ன எழுதியிருக்கு?”

“அது பரம்பரை வேலை. அப்பாவுக்குப் பொறகு மூத்த மகன். ஆம்பளையா இருக்கணும், வயசு வந்திருக்கணும், பரீட்சை தேறணும். பெரிய தப்புல மாட்டாத வரைக்கும் ஆயுசுக்கும் அவருதான். கணக்கப்பிள்ளைக்கும் அப்படித்தான்.”

“நீர்க்கட்டிக்கு?”

“எங்கப்பா தாலுகா ஆபீசுல இருக்காங்க. எழுதிக் கேக்குதேன்.”

“கேளுங்க. ஆனா வைகாசி முடியுமுன்ன கேட்டுச் சொல்லிருங்க. அதுக்குப் பொறவு தெரிஞ்சு என்னத்துக்கு?”

அப்பாவின் பதில் பத்து நாளில் வந்தது. சில ஊர்களில் நீர்க்கட்டியின் பெயரும் சர்க்கார் பட்டியலில் உண்டு. அங்கே அது பரம்பரை. எங்கள் ஊர்ப் பட்டியலில் இல்லை. பாசனக்காரர்களே ஆளை வைத்து, அவர்களே கூலி கொடுப்பதால் சர்க்கார் ஆமென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது என்று எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “அப்பம் ஊருதான் சொல்லணும்” என்று பெருமூச்சு விட்டார் அக்கா. அவருக்கு ஊரைவிடச் சர்க்கார் எளிதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர் வாய்க்காலில் ஐந்து மடைகள். எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் நீர்க்கட்டியின் பொறுப்பு. ஆனியில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடும் நாளில் தொடங்கி மறு ஆனிவரை ஒரு வருஷம்தான் பதவி. இரண்டு அறுப்பிலும் வயலுக்கு ஒரு கட்டுக் கதிர் கூலி. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை விசித்திரமானது. வைகாசிக் கடைசியில் எல்லாரும் கடைமடையில் கூடுவார்கள். இருக்கும் நீர்க்கட்டி மண்வெட்டியை மடைக்கல்லில் வைத்துவிட்டு விலகி நிற்பார். கடைமடைக்காரரை முதலில் கேட்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவர்கள் பயிர் என்பதால், அவர்கள் வேண்டாம் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. அவர்கள் சரி என்றால் மேலே மேலே கேட்டுக்கொண்டு போய், ஊரிலேயே பெரிய நிலக்காரரான தலைமடைக்காரரைக் கடைசியில் கேட்பார்கள்.

அக்காவின் கணவர் இசக்கிமுத்துதான் அந்த வருஷத்து நீர்க்கட்டி. ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனார். மண்வெட்டியை எடுத்த வீடுதான் வருஷத்தை முடித்துத் தரவேண்டும் என்பது வழக்கம். அதனால் பதினாறாம் நாள் முடிந்ததும் அக்கா மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. வருஷம் முடிந்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி. கதிர்க்கட்டு இல்லையென்றால் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு விக்கிரமசிங்கபுரம் நூல்மில்லுக்கு வேலை தேடிப் போகவேண்டியதுதான்.

இதற்கு நடுவில் ஒரு தவறும் நடந்திருந்தது. அந்த மில்லின் சங்குதான் எங்கள் ஊருக்கு மணிக்கூண்டு. காலைச் சங்குக்குத் தலைமடையைத் திறந்தால் மத்தியானச் சங்குக்கு அடைத்துவிட்டுக் கடைமடைக்கு விடவேண்டும். அந்தக் கார்த்திகையில் மழை எட்டிப் பார்க்கவில்லை. டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டு தர்பார் நடந்த நாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். மில்லுக்கும் விடுமுறை என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. காலையில் சங்கு கேட்காதபோது காற்று மாறி அடிக்கிறது என்று நினைத்துத் தலைமடையைத் திறந்துவிட்டார். மத்தியானச் சங்குக்காகக் காத்திருந்தார். வராத சங்குக்குக் காத்திருந்தே பொழுது சாய்ந்துவிட்டது. கடைமடைக்கு ஒரு முறைத் தண்ணீர் கிடைக்காமலே போயிற்று.

அன்று மாலையே கடைமடைக்காரர் அப்பாத்துரையின் வீட்டுக்குப் போய் நடந்ததை அக்கா தானே சொன்னார். தன் துண்டு வயலுக்கு வரவேண்டிய தண்ணீரை அந்தப் போகம் முழுவதும் கடைமடைக்கே திருப்பிவிட்டார். மறுநாள் மடைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் எங்கே வந்தால் அடைப்பது என்று கரியால் கோடு போட்டார். அதற்குப் பிறகு சங்கை நம்பவில்லை.

வைகாசிக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். முன்சீப் குற்றாலலிங்கம் பிள்ளை தலைமடைக்காரர். வந்ததும் வராததுமாக, “என்ன, இன்னைக்குச் சங்கு ஊதியாச்சா?” என்றார். சிரிப்பு எழுந்தது. அக்கா மண்வெட்டியைக் கல்லில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

“கடைமடை சொல்லட்டும்” என்றார் முன்சீப்.

அப்பாத்துரை எழுந்தார். “எம் பயிரு மஞ்சளாப் போனது மெய்தான். அரைக்கோட்டை நெல்லு குறைஞ்சுது.”

“அப்பம் வேண்டாங்கீரா?”

“பொறும்வே. நான் பொறந்ததுல இருந்து இந்தக் கடைமடையிலதான் கெடக்கேன். எத்தனையோ நீர்க்கட்டி பாத்தாச்சு. எத்தனை நாளு தண்ணி வரல, ஏன் வரலன்னு ஒருத்தனாவது வீட்டுப்படி ஏறி வந்து சொல்லியிருக்கானா? இந்தப் பிள்ள சொன்னா. அவ வயலுல பாதி பதரு, போய்ப் பாரும். எனக்குச் சம்மதம்.”

இரண்டாம் மடையில் ஒருவர், “ராவுல பாம்பு கெடக்குமே, பொம்பள எப்படிப் போவா?” என்றார்.

“ஆம்பளைன்னா பாம்பு எந்திரிச்சு வழி விடுமா அண்ணாச்சி?” என்றார் அக்கா. அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஒவ்வொரு மடையாகச் சம்மதம் மேலேறியது. கடைசியில் முன்சீப், “நான் மட்டும் மாட்டேன்னு சொல்லி ஏச்சு வாங்கணுமாக்கும்” என்றார். அப்பாத்துரை மண்வெட்டியை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

அந்த வருஷம் கார், பிசானம் இரண்டும் நன்றாக விளைந்தன. கடைமடையில் இரண்டு போகமும் ஒழுங்காகக் கண்டது வெகுநாளைக்குப் பிறகு என்றார்கள். அக்காவின் இரண்டு பெண்களும் பள்ளிக்கு வந்தார்கள்; மூத்தவள் கணக்கில் கெட்டிக்காரி. மறு வைகாசியில் கேட்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. முன்சீப் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வருஷா வருஷம் வெயிலில் வந்து நிற்பானேன், மாரிக்கண்ணுவுக்கே ஆயுசுக்கும் என்று ஒரு முறி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடலாம், உன் எழுத்துத்தான் அழகாக இருக்கிறது என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அன்றே எழுதத் தொடங்கினேன்.

பாதி எழுதும்போது அக்கா வந்தார். இந்த முறை படியேறி உள்ளே வந்து, எழுதியவரைக்கும் படித்துக் காட்டச் சொன்னார்.

“ஆயுசுக்கும்னு போட்டுட்டீயளா டீச்சரம்மா? அத அடிச்சிருங்க. ஒரு வருசம்னு எழுதுங்க. அடுத்த வைகாசியிலயும் கடைமடையைத்தான் மொதல்ல கேக்கணும்னு, அதையும் சேத்து எழுதிருங்க.”