எங்க வகையில யாருக்கும் இல்லீங்க

நான் “இல்லீங்க” என்று சொன்ன பிறகும் அந்தப் பேனா உடனே இறங்கவில்லை. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்களுக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு ‘இல்லை’யில் ஒரு டிக் விழுந்தது. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி மாடியில், காலை பதினொரு மணிக்கு நடந்தது இது. பேனாவைப் பிடித்திருந்தவரை நானும் மகளும் ஆராய்ச்சி மேடம் என்றுதான் சொல்வோம். முப்பது வயது இருக்கும். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பேச்சு. என்னை அக்கா என்று கூப்பிட்டார்.

ப்ளஸ் ஒன் படித்த என் மகள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள் என்று தெரிந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. வைத்தியம் பார்த்த டாக்டரம்மாதான், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் இரண்டு பேரும் சேரலாம் என்றார். மகளிடம் தனியாகவும் என்னிடம் தனியாகவும் கேட்பார்களாம். அவள் சொல்வது எனக்கு வராது, நான் சொல்வது அவளுக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்வார்களாம். நான் எட்டாவதோடு நின்றவள். காகிதத்தைக் கண்டாலே பயம். பேர் இருக்குமா என்று மூன்று முறை கேட்டேன். எண் மட்டும்தான் என்று மூன்று முறையும் பொறுமையாகச் சொன்னார். “வேண்டாம்னா இப்பவே எந்திரிச்சுப் போலாமுங்கக்கா. பாப்பாவோட வைத்தியம் ஒண்ணும் நிக்காதுங்க” என்றார். படிப்பது போல் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கேள்விகள் பாதி தாண்டியபோதுதான் அது வந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது மனசு சம்பந்தமான தொந்தரவு உண்டா, யாராவது இப்படித் தங்களைக் காயப்படுத்திக்கொண்டது உண்டா? எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை ஒரே கூட்டம்தான் கேட்கும், பெண் பார்க்க வருகிறவர்கள். அதற்குப் பதில் எல்லா வீட்டிலும் தயாராக இருக்கும். என் வாயும் அதையே சொல்லிவிட்டது. “எங்க வகையில யாருக்கும் இல்லீங்க. ரெண்டு பக்கமும் நல்ல குடும்பமுங்க.” மேடம் சிரித்தார். “நான் சம்பந்தம் பேச வரலீங்கக்கா” என்றார். நானும் சிரித்தேன். ஆனாலும் பதிலை மாற்றவில்லை.

பதினாறு வயதில் நான் நூற்பாலை விடுதியில் இருந்தேன். அங்கே ஏறக்குறைய ஒரு வருடம், என் மகள் செய்ததையே நான் செய்துகொண்டிருந்தேன். எதற்காக என்று அன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. எப்போது நின்றது என்பதும் சரியாக நினைவில்லை. அம்மாவிடம் சொன்னதில்லை, கட்டிக்கொண்டவரிடம் சொன்னதில்லை. மறந்துவிட்டேன் என்றுகூட நினைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: “ஏம்மா, நம்ம குடும்பத்துலயே நான் ஒருத்திதான் இப்படியா? அந்த மேடம் கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.” முன் சீட்டில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். “சும்மா இரு கண்ணு, பஸ்ஸுல” என்றேன்.

அதன் பிறகு அவள் சும்மாவே இருந்துவிட்டாள். சாப்பிடுவாள், பள்ளிக்கூடம் போவாள், பேச்சு மட்டும் இல்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் பட்டறையில் எனக்கு வேலை. ஒவ்வொரு சுற்றையும் எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறித் தவறி, முதலிலிருந்து ஆரம்பிப்பேன். வீட்டில் அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, தண்ணீர் விழும் சத்தம் வருகிறதா என்று கேட்பேன். சத்தம் நின்றால், “தண்ணி போதுமா கண்ணு? துண்டு இருக்குதா?” என்பேன். ஒரு நாள் உள்ளே இருந்து கத்தினாள்: “உசுரோடதாம்மா இருக்கறேன்! வேலையப் பாரு போ!”

மறுநாளே மேடத்துக்குப் போன் போட்டேன். “ஒரு பதிலத் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க மேடம்.” எந்தக் கேள்வி என்று அவர் கேட்கவில்லை. “வாங்கக்கா, மாத்திக்கலாம்” என்றார்.

போனோம். மகள் வராந்தா பெஞ்சில் இருந்தாள். உள்ளே மேடம் பழைய டிக்கை ஒரே கோடாக அடித்து, மற்ற கட்டத்தில் புதிதாகப் போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, காகிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார். “இப்ப எப்படி இருக்கீங்கக்கா?” நல்லா இருக்கேனுங்க என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, நல்லா இல்லீங்க என்றேன். அழுது முடிக்கும்வரை அவர் ஒன்றும் எழுதவில்லை.

“மேடம், பாப்பாகிட்ட நீங்களே இதச் சொல்லிருங்களேன்” என்று கெஞ்சினேன்.

“நீங்க சொன்னத நான் சொல்லக் கூடாதுங்கக்கா. அதுக்குத்தான கையெழுத்துப் போட்டிருக்கறீங்க?” என்றார். “சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டமுங்க. வேணும்னா டாக்டரம்மா கூட உக்காருவாங்க.”

டாக்டரம்மா அன்று வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகக் காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். விடுதியில் இருந்து ஆரம்பித்து ‘இல்லை’ என்ற பொய் வரை. எத்தனை வயதில் என்று கேட்டாள். உன் வயசுதான் என்றேன்.

“அப்ப பஸ்ஸுல கேட்டனே? ஏம்மா சொல்லல?” என்றாள். “நான் ஒருத்திதான் கிறுக்குன்னு இத்தன நாளும் நெனச்சுட்டுக் கெடந்தேன்.”

திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“வலிச்சுதாம்மா?”

இத்தனை வருடத்தில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. “வலிச்சுது கண்ணு” என்றேன்.

ஆராய்ச்சி முடிந்து மேடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். மகள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். மோசமான நாட்கள் இன்னும் வருகின்றன. வந்தால் சொல்கிறாள், டாக்டரம்மாவிடம் போகிறோம். நான் இதை எழுதுவதற்கு அவளிடம் கேட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, இது வரைக்கும் சரி என்றாள்.

அன்று அந்தப் பெஞ்சில் நான் “வலிச்சுது” என்ற பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். மதியம் வரை பேசினாள். அதை எழுத எனக்கு அனுமதி இல்லை.