வக்கீல் வீட்டுச் சருகு

எதிர்வீட்டு வக்கீலின் கையிலிருந்த தீப்பெட்டியை என் மனைவி பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது நான் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். வேட்டியும் பனியனுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கிய வக்கீல், "அண்ணே, மதினி பட்டப்பகல்ல வழிப்பறி பண்ணிட்டாக. கேஸ் போடவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் முகம் சிவந்திருந்தது. அவர் வீட்டு வாதாம் மரம் மாசி பிறந்தால் வாசலெல்லாம் உதிர்க்கும். அதைக் கூட்டிக் குவித்துச் சாயங்காலம் கொளுத்துவார். காரைக்குடியில் எங்கள் தெரு முழுக்க அதே வழக்கம்தான். என் மனைவிக்கோ இழுப்பு நோய். ஒரு வீட்டுப் புகை போதும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடப்பாள்.

கண்டிப்பதென்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அவள் எனக்கு இடமே கொடுக்கவில்லை. "சருகு அவுகளுது. மூச்சு என்னுதுல்ல? கொளுத்தாம இங்குட்டுக் கொண்டாந்து கொட்டச் சொல்லிட்டேன்" என்றாள். மறுநாள் வக்கீல் இரண்டு சிமெண்டுச் சாக்கு நிறையச் சருகைக் கொண்டுவந்து, தோற்றுப்போனவர் மாதிரி எங்கள் கொல்லையில் கொட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் தெருவே வந்து கொட்டியது. கொல்லை மூலையில் ஆள் வைத்துக் குழி வெட்டினாள். ஒரு அடுக்குச் சருகு, மேலே சாணிக் கரைசல், கொஞ்சம் மண், மறுபடி சருகு. காய்ந்துபோகாமல் ஈரச்சாக்குப் போட்டு மூடுவாள். காகிதப்பூச் செடியின் முள்கிளையைத் தனியே ஒதுக்கி அரிவாளால் துண்டு போட்டுச் சேர்ப்பாள். பூத்துப்போன பார்த்தீனியத்தை மட்டும் குழிப்பக்கமே விடமாட்டாள், விதை செத்துப்போகாது என்பாள். யாராவது சருகோடு பால் பாக்கெட்டைச் சேர்த்துக் கொட்டினால் தொலைந்தார்கள். அந்தப் பாக்கெட்டைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு கேட்டிலேயே செருகிவிட்டு வருவாள். எனக்கு மானம் போகும். ஆறு மாதத்தில் குழியிலிருந்து காப்பித்தூள் நிறத்தில் எரு எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பாள். வாங்கிப் போனவர்களில் வக்கீலும் உண்டு.

போன மாசியில், நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தவள் உயிரில்லாமல் ஆம்புலன்ஸில்தான் திரும்பி வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு டீ போயிற்றா என்று கேட்டேன். நாற்காலி பற்றாது என்றேன். ஊர்வலம் போனது, திரும்பியது, குளித்தேன், சாப்பிட்டேன். உடம்புக்குள் எதுவோ மரத்துப்போயிருந்தது. "கல்லாட்டம் இருக்காக" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கருமாதிக்கு முதல் நாள் காளையார்கோவிலிலிருந்து என் தம்பி ஆட்களோடு வந்தான். கொல்லையில்தான் சமையல் பந்தல் போட வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தெருக்காரர்கள் பழக்கத்தில் சருகைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அடுக்கவோ நனைக்கவோ ஆளில்லாமல் குழியை மூடி மேடாகக் காய்ந்து கிடந்தது. விவசாயி என் தம்பி. அண்ணியின் சுத்தம் அவனுக்குத் தெரியும், குழியின் கதை தெரியாது. "மதினி நல்லா இருந்திருந்தா இம்புட்டுக் குப்பை சேர விட்டிருப்பாகளா?" என்று அவன் ஆட்களிடம் வருத்தமாகச் சொல்வது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. அவன் என்ன செய்யப்போகிறான் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. அவளுக்காகத்தான் அந்தக் கொல்லையைச் சுத்தம் செய்தான். அவளுக்காகத்தான் தீ வைத்தான்.

புகை வந்த பிறகே எனக்கு விளங்கியது. நான் எழுந்து பின்வாசலுக்குப் போவதற்குள் பக்கச் சந்து வழியாக வக்கீல் ஓடி வந்துவிட்டார். கையில் வாளி, பாதித் தண்ணீர் வேட்டியில். "அணைங்கப்பா! கொளுத்தாதீக! அவுகளுக்கு ஆகாதுன்னு தெரியாதா?" என்று கத்தினார்.

தம்பி மண்வெட்டியோடு விழித்தான். "யாருக்கு சார் ஆகாது?"

வக்கீல் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். ஆட்கள்தான் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றினார்கள். ஈரச்சருகு இன்னும் கூடுதலாகப் புகைந்தது. கொல்லையிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கூடம் என்று வீடு முழுக்கப் பரவியது.

நான் கூடத்தில் நின்று அவள் அறைப் பக்கம் காது கொடுத்தேன். இத்தனை வருடமும் புகை வந்தால் முதலில் அதைத்தான் செய்வேன். முதல் இருமல் கேட்டதும் மருந்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். நின்றுகொண்டே இருந்தேன். இருமல் வரவில்லை. அப்போதுதான் அழுதேன், தம்பி ஓடி வந்து பிடித்துக்கொள்ளும்படி.