அக்கா சொன்ன இரண்டு குறைகள்

என் அக்கா புருஷன் நல்லதம்பியை நல்ல மனுஷன் என்று சொல்லாதவர், ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் இருக்கும் கைலாசபுரத்தில் கிடையாது. குடி இல்லை, சிகரெட் இல்லை, யாரையும் ஏமாற்றியதில்லை. நானும் இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அவரோடு குடித்தனம் பண்ணியது கைலாசபுரத்துக்காரர்கள் இல்லையே, என் அக்கா அழகம்மாள்தானே.

உப்பிலியபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மாமா. ஐ.டி.ஐ. முடித்து ஃபாக்டரியில் வெல்டராகச் சேர்ந்தார். பாய்லர் குழாய்களைப் பற்றவைக்கும் வேலை. அங்கே பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். குறை தெரிந்தால் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் அதைத் தேய்த்தெடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டும். 'ஒரு குறையும் இல்லை' என்று சொல்லிவிட்டால் அந்த வேலை முடிந்தது, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பெரிய வேலை ஒன்றில் அந்த வார்த்தையை வாங்கிவிட்டால் அன்றைக்கு அல்வா பொட்டலத்தோடுதான் வீட்டுக்கு வருவார். மனுஷன் முகத்தில் சிரிப்பைப் பார்க்க அது ஒன்றுதான் வழி.

அதோடு நின்றிருந்தால் அக்கா பிழைத்திருப்பாள். தூத்துக்குடிப் பக்கம் வெளிவேலைக்குப் போனவர், அங்கே யாரோ சின்னப் பாய்மரப் படகு ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். ஆறு மாதம் அதே பேச்சு. கடைசியில் புதுச்சேரியில் விரிசல் விட்டுக் கிடந்த பழைய படகு ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தண்ணீரையே மடையில் மட்டும் பார்த்து வளர்ந்தவருக்குப் பாய்மரப் படகு! பெருகமணிக்குப் பக்கத்தில், காவிரி ஓரமாக, கூட வேலை பார்த்தவரின் தென்னந்தோப்பில் அதை வைத்திருந்தார். ஆற்றில் தண்ணீர் இருந்தால் ஓட்டப் போவார், இல்லாவிட்டால் அதற்குப் பெயின்ட் அடிக்கப் போவார். அதன் பிறகு அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை.

அக்கா சண்டை போடுகிறவள் இல்லை. ரிட்டயர் ஆன பிறகாவது அந்த மனுஷன் வீட்டில் தன்னோடு இருப்பார் என்று நம்பினாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். காலையில் கோயிலுக்கு, சாயங்காலம் காய்கறி வாங்க, இரண்டு பேருமாக நடந்து போய்விட்டு வர வேண்டும். அதற்காகவே, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணியபோது ஸ்ரீரங்கத்தில் வீடு பார்க்கச் சொன்னாள். கிடைத்த வீடும் சுமார்தான். கொல்லைக் கதவின் நிலை தாழ்வு, துவைக்கிற கல் நட்ட நடு வெயிலில். அக்காவுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். குனிந்தால் தலை சுற்றும், வெயிலில் நின்றால் மண்டை பிளக்கும். கொல்லைக்குப் போய் வருவதற்குள் இரண்டு தடவையாவது நிலையில் இடித்துக்கொள்வாள்.

ரிட்டயர் ஆன மாமா சொன்ன முதல் யோசனை, "இனிமே நீயும் என்கூடப் படகுல வா" என்பது. அக்கா ஒரு தடவை போனாள். அந்தப் படகில் இரண்டு பேர் உட்காரக் குழி மாதிரி ஓர் இடம் உண்டு. பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு நீளக் கம்பம், அதற்குப் 'பூம்' என்று பெயராம், அந்தக் குழிக்கு மேலே தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பக்கம் மாறினால் அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசும். குனியாவிட்டால் மண்டையில் ஒரு போடு. அக்கா வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அடுத்த வாரமும் கூப்பிட்டார். "வரலாம்தாங்க. என்னால குனிய முடியலையே, கட்டை தலையில இடிக்குது. வெயில் வேற" என்றாள்.

எங்கள் பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் வரமாட்டேன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வோமா? பஸ் இல்லை என்போம், முட்டி வலி என்போம். கேட்கிறவர்கள் புரிந்துகொண்டு, சரி இன்னொரு நாள் பார்க்கலாம் என்பார்கள். பஸ் இல்லை என்றதும் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் உண்டா? என் மாமா உண்டு. அவர் காதில் விழுந்தது இரண்டு குறைகள். தலை இடிக்கிறது, வெயில் அடிக்கிறது. இரண்டு இடத்தில் வட்டம் போட்டாகிவிட்டது. சரி பண்ண வேண்டியதுதான் பாக்கி.

அன்றைக்கு ஆரம்பித்த வேலை, ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பாய்மரத்தில் பூம் மாட்டியிருந்த மூட்டைக் கழற்றி, நிமிர்ந்து உட்கார்ந்தாலும் தலையில் படாத உயரத்தில் புது ஓட்டை போட்டு மாட்டினார். பூம் மேலே போனதும் பாய்க்கு இடம் போதவில்லை, பாய்மரம் வளராதே. பாயைச் சுருட்டிக்கொண்டு நான் இருக்கும் பாலக்கரைக்கு வந்தார். எங்கள் தெருமுனையில் ஆட்டோவுக்கு மேல்கூரை தைக்கும் ஹபீபுல்லா பாய் அதன் அடிப்பக்கத்தை வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தார். பாயை இறக்கும்போது பூம் தலையில் விழாமல் இருக்க, மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கயிறு. பூமை இழுத்துப் பிடிக்கும் கயிறு குழிக்கு நடுவே வந்துகொண்டிருந்தது, அதைப் படகின் பின்னால் கொண்டுபோனார். பிறகு எவர்சில்வர் குழாயை வளைத்துச் சட்டம் கட்டி, அதன் மேல் கான்வாஸ் பந்தல். அதையும் ஹபீபுல்லா பாய்தான் தைத்தார். கழற்றி மாட்டுகிற மாதிரி பட்டி வைக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், ஆட்டோவுக்குச் செய்வது போல நிரந்தரமாகவே இழுத்துக் கட்டுங்கள் என்றாராம் மாமா. அக்காமேல் ஒரு பொட்டு வெயில் படக்கூடாதாம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அக்கா கொல்லையில் வெயிலில் நின்று துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லுக்கு மேலே ஒரு தகரம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள். கதவு நிலையில் பழைய துணியாவது சுற்றிக் கட்டுங்கள் என்றாள். பார்க்கலாம் என்றார். படகுக்கு வெல்டிங் பண்ணுகிற கை, கட்டின பெண்டாட்டிக்கு ஒரு தகரம் அடிக்க மாட்டேன் என்கிறதே!

"வரலைன்னு நேரா சொல்லித் தொலையேன்க்கா" என்று நான் கத்தினேன்.

"எனக்காகத்தானேடி செய்யறாரு. எப்படிச் சொல்றது?" என்றாள்.

ஆடி பிறந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து ஆறு கரைக்குக் கரை ஓடியது. மாமா வீட்டுக்கு வந்து, வேலை முடிந்தது, ரெண்டையும் சரி பண்ணிவிட்டேன் என்றார். அக்காவிடம் சாக்கு தீர்ந்துபோயிருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

போகும்போது சொர்க்கமாக இருந்ததாம். அக்காவே சொன்னாள், பொய் சொல்ல மாட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தலையில் எதுவும் படவில்லை, நிழலாக இருந்தது. காற்றும் தண்ணீரும் கிழக்கே போக, படகும் அதன்பாட்டுக்குக் கிழக்கே போனது. திரும்பும்போதுதான் வினை. எதிர்க்காற்றில் மேற்கே வர வேண்டும். பாயில் பாதி பாலக்கரையில் வெட்டுத் துணியாகக் கிடந்தது. பந்தலோ ஆடிக்காற்றை வாங்கி உப்பி, படகைப் பின்னாலேயே தள்ளியது. எல்லாவற்றையும் விட, பாயை அண்ணாந்து பார்த்து ஓட்டிப் பழகியவருக்கு இப்போது பாயே தெரியவில்லை, தலைக்கு மேலே கான்வாஸ். இத்தனை மாதம் அளந்து அளந்து செய்தவருக்கு, தரையில் நிற்கும் படகில் அது தோன்றவேயில்லை.

அப்போது அவர் என் அக்காவிடம் சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "நீ கொஞ்சம் தலைய வெளிய நீட்டி, மேல பாயைப் பாத்துப் பாத்துச் சொல்லு."

அக்கா நீட்டினாள். உச்சி வெயிலில், பட்டை மாட்டிய கழுத்தைப் பந்தலுக்கு வெளியே நீட்டி அண்ணாந்து, துடிக்குது, இப்ப நிமிருது, மறுபடி துடிக்குது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். யாருக்காகப் பந்தல் போட்டாரோ அவளே வெளியே, போட்டவர் நிழலில். கடைசியில் படகு நாணல் மேட்டில் போய்ச் சொருகிக்கொண்டது. பரிசல்காரர் ஒருவர் பார்த்துவிட்டு வந்தார். அவர் வரும் வரைக்கும் மாமா பூமை இன்னும் எவ்வளவு இறக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா முழங்கால் சேற்றில் இறங்கிப் பரிசலுக்கு நடந்தாள்.

கரையேறியவள் ஸ்ரீரங்கத்துக்குப் போகவில்லை. பஸ் பிடித்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஈரப் புடவையோடு வந்து, "கொஞ்ச நாள் இங்க இருக்கேன்டி" என்றாள். நான் மாற்றுப் புடவை எடுத்துக் கொடுத்தேன்.

மாமா இரண்டு வாரம் கழித்து வந்தார். அந்த இரண்டு வாரமும் தோப்பில்தான் இருந்திருக்கிறார், கையெல்லாம் பசை. கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பந்தலைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஆக்கிவிட்டேன், பாய் தெரிய நடுவில் கண்ணாடி பிளாஸ்டிக் வைத்துவிட்டேன் என்று வாசலில் நின்றபடியே சொல்லிக்கொண்டு போனார். அக்கா என் வீட்டு முற்றத்து நிழலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்ன குறைன்னு சொல்லு அழகம்மா. சரி பண்ணிடறேன்" என்றார்.

அக்கா வெயிலைச் சொல்லவில்லை, கழுத்தைச் சொல்லவில்லை. கொல்லைத் தகரத்தையாவது சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அவள் திரும்பிப் போக ஒரு வழி இருந்திருக்கும்.

"ஒரு குறையும் இல்லைங்க" என்றாள்.

நாற்பது வருஷம் அந்த வார்த்தைக்காகவே உழைத்தவர். அதைக் கேட்டால் வேலை முடிந்தது, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும். கழற்றிப் போட்ட செருப்பு காலடியிலேயே கிடந்தும், அதைத் தேடிக்கொண்டு நின்றார்.

அக்கா மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.