வாசக்கால் இல்லாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்லங்கோட்டுப் பக்கம், ஒரு வாசக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிடித்துக்கொண்டு நின்றேன் என்பது ஒரு மரியாதைக்காக. உண்மையில் அதுதான் என் மேல் சாய்ந்துகொண்டு நின்றது. நன்றாக முற்றிய பலா மரம். நானோ குடையைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழக்கமில்லாதவன். அந்தக் குடையையும் பாதி நாள் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

“அசங்காதீங்க சாமி… அசங்காதீங்க. நேரம் வந்துருச்சு!” என்று மேஸ்திரி ஆறுச்சாமி என்னை மிரட்டிக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தே பிழைக்கிற ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், நாற்பத்தெட்டு வயதில், எதற்காக வாசக்காலைச் சுமக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமென்றால் கிட்டுசாமியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கிட்டுசாமி எங்கள் கொழிஞ்சாம்பாறையில் செங்கல் சூளை வைத்திருந்தவர். ஊருக்கெல்லாம் செங்கல் போட்ட மனிதருக்கு ஒரு நாள் ஒரு சந்தேகம் வந்தது. செங்கல் வாங்க வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே வீடு உள்ளவர்களாகவே இருக்கிறார்களே… பஸ் கண்டக்டர், நர்ஸ், கிளார்க் — இவர்களில் ஒருவர்கூடச் சூளைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையே, ஏன்?

ஏனென்றால் அவர்களுக்கு நேரமில்லை. வீடு கட்ட மண் வேண்டும், மரம் வேண்டும், சிமெண்ட் பெர்மிட்டுக்கு அலையக் கால் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், காலையிலிருந்து சாயங்காலம் வரை மேஸ்திரி பக்கத்தில் நின்று, “இது என்ன இப்படி இருக்கு?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். மாதச் சம்பளக்காரன் அந்த ஆளுக்கு எங்கே போவான்?

“அந்த ஆளு நானா இருந்துட்டுப் போறேனுங்க” என்றார் கிட்டுசாமி. கம்பெனி கட்டி முடித்துக் கையில் கொடுத்துவிடும். முன்பணம் கொஞ்சம்; மீதியை வாடகை கொடுக்கிற மாதிரி மாதாமாதம் கட்டிவிடலாம். கம்பெனி என்றால்… ஒரு மேஜை, ஒரு போர்டு, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி எனக்கு. செத்த பிறகு வரப்போகும் பணத்தை உயிரோடு இருப்பவனிடம் விற்கிறவன், எதைத்தான் விற்க மாட்டான் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

பொள்ளாச்சி ரோட்டோரம் நான்கு வீடுகள் எழும்பின. வெள்ளையடித்து, கதவுக்கும் வாசக்காலுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்து, கொல்லையில் ஒரு முருங்கைக் குச்சியும் நட்டு முடித்தார்கள். நான் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. ‘எல்லாம் முடிந்தது! சாவியை வாங்குங்கள், சாமானை இறக்குங்கள்!’

அழகான நோட்டீஸ். இன்றைக்குப் படித்தாலும் எனக்கு எதையாவது இறக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜனங்கள் வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். கம்பெனி செலவில் சோடா குடித்தார்கள். பிறகு கேட்டார்கள்:

“ஆருங்க இருந்த ஊடு?”

“ஆரும் இருக்கலீங்க. புதுசு.”

“ஆரும் இருக்கலீங்களா?… ஏனுங்க இருக்கல?”

கிட்டுசாமி என்னைப் பார்ப்பார். நான் சோடா பாட்டிலைப் பார்ப்பேன்.

என் வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. ஒரு வீட்டை நாமே எடுத்துக்கொண்டால் என்ன, வந்து பார் என்று என் மனைவி சரஸ்வதியைக் கூப்பிட்டேன். பார்க்கவே வர மாட்டேன் என்றுவிட்டாள்.

“புது ஊட்டக் கட்டி எவனாச்சும் விப்பானுங்களா? ஒண்ணு, கடன். இல்லாட்டி கோர்ட்டு. இல்லாட்டி சாவு. மூணுல ஒண்ணு இருக்கோணுமுங்க.”

“விக்கறதுக்குன்னே கட்டுனது அம்மிணி.”

“விக்கறதுக்குன்னு கட்டுனா அது கடைங்க. ஊடு இல்ல.”

போதாததற்குக் காற்று வேறு. மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலி வீடுகளின் ஜன்னலில் நுழைந்து ஊளையிட்டது. நாலாவது வீட்டில் ஒரு பெண் அழுகிறாள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அவள் என்ன ஜாதி என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள்.

கிட்டுசாமி தென்னந்தோப்பை அடமானம் வைத்துத்தான் அந்த வீடுகளைக் கட்டியிருந்தார். கொப்பரை வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். நான்கையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், உள்சுவர்களை இடித்துக் கிடங்காக்கிக்கொள்கிறேன், தை முடிவதற்குள் பதில் சொல்லுங்கள் என்றார். மனிதர்கள் குடியிருக்கக் கட்டியதில் தேங்காய் குடியேறப் போகிறது! கிட்டுசாமி அந்த மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. சோடா மட்டும் குடித்தார். மிச்சம் இருந்ததே…

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இடுக்கியில் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். லயம் என்றால், தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டி நம்பர் போட்டு வைத்திருக்கும் அறைகள். அப்பா அந்தோணிமுத்துவுக்கு வேலை முடியும் வயது வந்துவிட்டது. வேலை போனால் அறையும் போய்விடும். மாதக் கடைசிக்குள் ஒழித்துக் கொடுக்க வேண்டும். மகளோ ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் இன்னும் இரண்டு பேரோடு ஒரே அறையில் இருக்கிறார். அப்பா அம்மாவை எங்கே வைப்பது?

நாலாவது வீட்டில் பெண் அழுகிற கதையை, வியாபார நேர்மை கருதி, நானே அவரிடம் சொன்னேன்.

“நைட் டூட்டி பாக்குறவளுக்குப் பேய் என்ன சார் பேய்?” என்று சிரித்தார். “எங்கப்பாவுக்குப் பிடிச்சாப் போதும்.”

அப்பாவும் அம்மாவும் மலையிறங்கி வந்தார்கள். அந்தோணிமுத்து குள்ளமான, கெட்டியான மனிதர். அதிகம் பேசவில்லை. முதல் வீட்டில் அடுப்படி பார்த்தார், கிணறு பார்த்தார், தலையாட்டினார். அவருடைய மனைவி மரியபுஷ்பம் அடுப்படி ஜன்னலைத் திறந்து மூடி, மறுபடியும் திறந்து பார்த்தார். கிட்டுசாமி முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

வெளியே வந்த அந்தோணிமுத்து வாசக்காலை உள்ளங்கையால் தடவினார்.

“இந்த நெலைய யாரு வச்சது?” எங்கள் பக்கம் வாசக்கால் என்பதை அவர் பக்கம் நிலை என்பார்கள்.

“நம்ம மேஸ்திரிதானுங்க. நல்ல நாளு பாத்துத்தானுங்க வெச்சோம்” என்றார் கிட்டுசாமி பெருமையாக.

“யாருக்கு நல்ல நாளு?”

அந்தோணிமுத்து வாசக்காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“லயத்துலயும் தொரை வச்ச கதவுதான்யா. பொறந்தது அதுக்குள்ள, கல்யாணம் முடிச்சது அதுக்குள்ள. இங்கயும் யாரோ வச்ச நெலைக்குள்ளதான் நொழையணும்னா, நான் எதுக்கு மலையெறங்கி வாரேன்? இதுவும் லயந்தான். நம்பர் போடல, அம்புட்டுத்தான்.”

“அப்பா! மாசக் கடைசில ஒழிச்சுக் குடுக்கணும். நெனப்பு இருக்கா?”

“இருக்கு தாயி. ஒழிச்சுக் குடுப்போம்.”

குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். ஸ்டெல்லா எங்களைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். மரியபுஷ்பம் அம்மாள் ரோடு வரைக்கும் போய், அந்த அடுப்படி ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “நோட்டீஸை நீல எழுத்துல அடிச்சுப் பாக்கலாமுங்களா?” என்றேன்.

கிட்டுசாமி என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “எல்லாம் முடிஞ்சுதுன்னு எழுதுனமில்லீங்க ஏஜெண்ட்டு… முடிச்சதுதானுங்க தப்பு. அவங்களுக்கு ஒண்ணுமே மிச்சம் வெக்கலீங்களே.”

மறுநாள் விடிந்ததும் ஆறுச்சாமி கையில் கடப்பாரையைக் கொடுத்து, முதல் வீட்டு வாசக்காலைக் கழற்றச் சொன்னார்.

“கழட்டறதுங்களா? பெயிண்ட்டு மினுமினுப்பே இன்னும் போகலீங்க. மொதலாளி… ராத்திரி தூங்குனீங்களா இல்லீங்களா?”

“இனித் தூங்கறதுக்குத்தான் கழட்டச் சொல்றேன். கழட்டு.”

கழற்றச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அந்தோணிமுத்து ஜன்னலோர சீட்டில் இருந்தார். கிட்டுசாமி வெளியே நின்று, மூச்சிரைக்கச் சொன்னார்: “ஐயா, வாசக்கால் கீழ கெடக்குதுங்க. நீங்க வந்து வெச்சாத்தான் அது நிக்கும். நாளு நீங்க சொல்லுங்க.”

அந்தோணிமுத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினார்.

“சனிக்கிழம. மாதாவுக்கு உகந்த நாளு.”

சனிக்கிழமையில் வாசக்காலா! பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த ஆறுச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிட்டுசாமி அவர் காலை மிதித்தார். கம்பெனி வளர்ந்தது அந்த மிதியில்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

சனிக்கிழமை ரோட்டோரம் பாதி ஊர் கூடிவிட்டது. வைத்த வாசக்காலைப் பிடுங்கி மறுபடி வைக்கிறார்கள் என்றால் சும்மாவா? சரஸ்வதியும் வந்திருந்தாள் — வீடு பார்க்க அல்லவாம், வேடிக்கை பார்க்க. பாதிரியார் ஜெபம் சொன்னார். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மகள். மரத்தை நிறுத்துவதற்குமுன் அடியில் நவதானியம் போடுவது எங்கள் வழக்கம். மரியபுஷ்பம் அம்மாளிடம் தானியம் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஏலக்காய்!

“ஏனுங்கம்மா, பாயசத்துக்குப் போடறத மண்ணுக்குள்ள போடறீங்களே!” என்று ஆறுச்சாமி பதறினார்.

“போடுய்யா. ஆயுசு முச்சூடும் ஊருக்குப் பறிச்சுக் குடுத்தோம். ஒரு கை நமக்கு.”

மரம் நின்றதும் அந்தோணிமுத்து வீட்டுக்குள் நுழைந்து, உடனே வெளியே வந்து, மறுபடி நுழைந்தார். யாரும் சிரிக்கவில்லை. கிட்டுசாமி மட்டும் ஏதோ தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்ன? கூட்டத்தில் இருந்த ஒரு கண்டக்டர் அங்கேயே கேட்டார்: “எங்களுக்கும் வாசக்காலக் கழட்டித் தருவீங்களா?” தை முடிவதற்குள் மற்ற மூன்றும் போய்விட்டன. கொப்பரை வியாபாரி வேறு இடம் பார்த்துக்கொண்டார். நாலாவது வீட்டுக்குக் கண்டக்டர் வந்தார், தன் நான்கு குழந்தைகளோடு. அந்தப் பெண் அழுவதை நிறுத்திவிட்டாள். அழுதாலும் யார் காதில் விழும்?

அதற்குப் பிறகு கிட்டுசாமி வாசக்கால் வைப்பதே இல்லை. பெருமாட்டியில் கட்டிய வீடுகளில், கூரை வரைக்கும் முடித்துவிட்டு முன்பக்கம் மட்டும் ஆளுயரத்துக்குத் திறந்து விட்டுவிட்டார். வாங்குகிறவர் வந்து, அவருக்கு நல்ல நாள் என்று தோன்றுகிற நாளில், அவர் கையால் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் ஆடுகள் குடிபுகுந்தன. அவற்றை விரட்ட ஒரு காவல்காரரைப் போட்டார்கள். கம்பெனியின் முதல் நிரந்தர உத்தியோகம் அது. நான் உற்சாகமாகி, ‘கதவே இல்லாத வீடுகள்!’ என்று புது நோட்டீஸ் எழுதிக்கொண்டு போனேன்.

“இது திருடனுக்கு எழுதுன நோட்டீஸுங்க ஏஜெண்ட்டு” என்றார் கிட்டுசாமி. அதோடு கம்பெனி நோட்டீஸ் போடுவதை நிறுத்திவிட்டது. வளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது ஆபீஸில் ஆறு நாற்காலி. தோப்பு அடமானத்திலிருந்து மீண்டுவிட்டது. கொல்லங்கோட்டில் மூன்றாவது வரிசை எழும்புகிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். முதல் முதலாக வீடு வாங்குகிறவனிடம் முழு வீட்டைக் கொடுத்துவிடக் கூடாது. கொஞ்சமாவது அவன் கைக்கு மிச்சம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் அங்கே கடைசி வரை விருந்தாளிதான். தாலியைக்கூட மாப்பிள்ளை கையால்தானே கட்ட விடுகிறோம்?

சரஸ்வதி அந்தச் சனிக்கிழமை வீடு திரும்பி, நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். போன ஆவணியில் ஒரு நாள், காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்க… கொல்லங்கோட்டுல கட்டறாங்களே, அதுல கெழக்கு பாத்தது ஏதாச்சும் இருக்குதுங்களா?”

இருந்தது. அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை பலா மரம் என் மேல் சாய்ந்துகொண்டு நின்றது. ஸ்டெல்லா குடும்பம் பஸ் பிடித்து வந்திருந்தது. நவதானியத்தோடு பத்தாவதாக ஒரு கை ஏலக்காயும் விழுந்தது. நல்ல நேரம் முடியப் போகிறதென்று ஆறுச்சாமி அவசரப்பட்டார். கலவையும் அவசரமாக இறுகியது. மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது… நான் அசங்கினேன்.

எல்லாம் முடிந்த பிறகு கிட்டுசாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “எடது பக்கம் ஒரு வெரக்கடை சாஞ்சிருக்குதுங்களே. நாளைக்கே கழட்டி நேர் பண்ணிக் குடுத்தர்றேனுங்க.”

“வேண்டாமுங்கண்ணா. இருக்கட்டும்” என்றாள் சரஸ்வதி.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்கு வரப்போகிற அம்மாள் பார்க்க வந்தார். வாசலில் நின்று தலையைச் சாய்த்தார். “ஏனுங்க கோணலா இருக்குது? கம்பெனி வேலை அவ்வளவுதானுங்களா?”

சரஸ்வதி வாசக்காலில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “கம்பெனிக்காரங்க வெச்சா நேராத்தானுங்க வெப்பாங்க. இது நாங்க வெச்சது.”

என் தோள் இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.