சயாமுக்குப் போக நான் கட்டிய படுக்கை வேன்

கோலா சிலாங்கூரில் ஆற்றுப் பக்கம் போகிற சாலையில் இன்றைக்கும் நிற்கிற லோரிப் பட்டறை நான் போட்டது. ஆரம்பத்தில் நாலு கம்பும் ஒரு தகரமும்தான். அதற்குப் பின்னால் உள்ள கல்வீடு நான் கட்டியது. அதில் அம்மாவுக்கென்று தனியாக ஒரு கக்கூஸ், உட்காருகிற மாதிரி, வெள்ளைப் பீங்கானில். நாங்கள் பிறந்த தோட்டம் புக்கிட் ரோத்தான் பக்கம். அங்கே மாரியம்மன் கோயிலுக்கு மேற்கூரை போட்ட மரம் முழுவதும் என் லோரியில் ஏறி வந்தது, இறக்கியதும் நான். தங்கச்சி கல்யாணம், அவள் பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் இந்தக் கையால் நடந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆங்கிலத்தில் என் பெயரை மட்டும் எழுதத் தெரியும், அதுவும் கோலம் போடுகிற மாதிரி இழுத்து இழுத்து.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். எண்பத்து நான்கில் நான் ஒரு வேனுக்குள் வீடு கட்டியது பல பேருக்குத் தெரியாது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கொசுவலை அடித்த சன்னல், துணி வைக்க அலமாரி, எல்லாம் உள்ளே. வெள்ளைக்காரர்கள் அப்படி வண்டியிலேயே படுத்து எழுந்து நாடு நாடாகச் சுற்றுவார்கள் என்று பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வேனில் தனி ஆளாகச் சயாமுக்குப் போய்வரத் திட்டம் போட்டேன்.

காரணம் அப்பா. ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது எங்கள் லயத்திலிருந்து, தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, லோரியில் ஏற்றிப் போனவர்களில் அவரும் ஒருவர். எனக்கு அப்போது ஐந்து வயது. தங்கச்சி அம்மா வயிற்றில். சண்டை முடிந்து அந்த லயத்துக்குத் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர், அப்பாவின் கூட்டாளி. நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். எலும்பும் தோலுமாக வந்தவர் அம்மாவிடம், "ஒன் வீட்டுக்காரன் சாகலம்மா. சயாம்காரி ஒருத்தி கூட குடும்பம் நடத்துறான். வரமாட்டேன்னுட்டான்" என்று சொன்னார்.

அம்மா அழுதாளா என்று எனக்கு நினைவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குத்திக் காட்டியது நினைவிருக்கிறது. "என்னக்கா, ஒன் சக்களத்திக்கு எத்தன புள்ளயாம்?" என்பார்கள். "பத்து பெக்கட்டுமே. ஆளு நல்லா இருந்தாப் போதும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பஞ்சத்தில் தாலியிலிருந்த பொன்னை விற்று மரவள்ளிக்கிழங்கு வாங்கிவிட்டாள். கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு மஞ்சள் துண்டும்தான் இருந்தன. நான் தலையெடுத்ததும் மூன்று பவுனில் தாலி செய்து போடுகிறேன் என்றேன். "அவரு வந்து கட்டட்டும். நீ யாருடா கட்ட?" என்று சிரித்தாள். நெற்றியில் குங்குமம் ஒருநாள் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாலும் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்வாள்.

எண்பத்து மூன்றின் கடைசியில் மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போன என்னைக் கிட்டே கூப்பிட்டார். "ஒங்கப்பன நான்தான்டா தூக்கிப் போட்டேன். வாந்திபேதி. கேம்புல வச்சிக்கக் கூடாதுன்னு அன்னைக்கே செத்தவங்க எல்லாரையும் சேத்து எரிச்சாங்க. நான் திரும்பி வந்தப்ப ஒங்கம்மா கைப்புள்ளையோட நின்னா. அவகிட்ட வேற என்னா சொல்லுவேன்?" என்றார். இடத்தையும் சொன்னார். ரயில் பாலம் தாண்டி, பாறையைக் குடைந்து பாதை போட்ட இடத்துக்குக் கீழே, ஆற்றுக்கு நடுவில் மூங்கில் அடர்ந்த ஒரு மேடு, அதற்கு எதிர்க்கரை. நாலு நாளில் அவரும் போய்விட்டார்.

எனக்கு இரண்டு வேலை வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு நாற்பது வருடமாக ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இல்லை. அதைச் செய்ய வேண்டும். அம்மாவுக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால் அவள் நெற்றியில் கை வைத்தது நானாக ஆகிவிடும். கோலா சிலாங்கூர்க் கடற்கரையில் செய்தால் அன்று சாயங்காலமே சொந்தக்காரர் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். அதனால்தான் சயாம், அதனால்தான் தனியாக. செத்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை போதும் என்று ரவாங்கில் ஓர் ஐயர் சொன்னார். ஆடி அமாவாசையைக் குறித்துக்கொண்டேன்.

தஞ்சோங் காராங்கில் மீன் விற்கிற சீன முதலாளி, தவுக்கே ஒருவர், பழைய வேனைக் கழித்துப் போட்டிருந்தார். இன்ஜின் நல்ல இன்ஜின். உள்ளே நின்றால் குடலைப் புரட்டும் நாற்றம். புளி, சாம்பல், எலுமிச்சை, சோடா உப்பு என்று ஒரு வாரம் தேய்த்தேன். வெயிலில் நாற்றம் இல்லை, மழை பெய்தால் திரும்பி வந்துவிடும். என் பெண்டாட்டி, "ஏங்க, சயாம்ல பூனை எல்லாம் ஒங்க பின்னாடிதான் வரும்" என்றாள். தச்சனை வைக்கவில்லை. பலகை அறுத்ததும் ஆணி அடித்ததும் நானே. பகலில் உட்காரும் பெஞ்சு, இழுத்துப் போட்டால் கட்டில். மண்ணெண்ணெய் அடுப்பு ஆடாமல் இருக்கக் கீழே இரும்பு வளையம். கூரையில் காற்றுப் போக ஒரு மூடி, மழை உள்ளே விழாத மாதிரி. அதை எப்படிச் செய்தேன் என்று பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஓட்டலில் தங்குவதற்கு எனக்குப் படிப்பு இல்லை. ரோட்டுப் பலகை சயாம் எழுத்தில் இருக்கும், படித்தவனுக்கே புரியாது. அதனால் வடக்கே மீன் ஏற்றிப் போகிற லோரிக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் வழியை வரைந்தேன். புக்கிட் காயு ஹீத்தாமில் எல்லை. ஹாட்யாய். அப்புறம் பட்டாலுங், சூராட், சும்போன், ராட்புரி என்று காதில் விழுந்தபடி தமிழில் எழுதினேன். எந்த ஊரில் மணிக்கூண்டுக்கு இடது பக்கம் திரும்பணும், எங்கே புத்தர் கோயில் வளாகத்தில் வண்டி நிறுத்திப் படுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், எல்லாம் படமாகப் போட்டேன். கெடாவிலிருந்து வந்த மலாய் டிரைவர் ஒருவர் தண்ணீர், பெட்ரோல், வழி, நன்றி என்று ஏழெட்டு சயாம் வார்த்தை சொல்லிக் கொடுத்தார். பாஸ்போர்ட் எடுத்தேன். வண்டி கிராணை, அதான் பதிவுப் பத்திரத்தை, சயாம் பாஷையில் எழுதி வாங்கினேன். பி.ஏ. படித்தவன் ஒருவன் இந்த அளவுக்குத் திட்டம் போட்டிருப்பானா, சொல்லுங்கள்.

அம்மாவிடம் சும்மா ஊர் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் பட்டறைக்கு வந்து வேனுக்குள் எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் கட்டிலைக் கையால் அளந்துவிட்டு, "ஒத்தையா இருக்கேடா. இன்னொருத்தரு படுக்கற மாதிரி அகலமாப் போடேன்" என்றாள்.

"நான் ஒருத்தன்தானம்மா போறேன்."

"போடுறா, சொல்றேன்ல."

பிள்ளை கால் நீட்டிப் படுக்கட்டும் என்று சொல்கிறாள், பெத்த மனசு என்று நினைத்தேன். பெருமையாகக் கூட இருந்தது. அலமாரியைப் பெயர்த்துப் பின்னால் தள்ளி அகலப்படுத்தினேன். ஒரு புது வேட்டியும் சட்டையும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கென்றுதான் அதையும் எடுத்து வைத்தேன். சட்டை எனக்குச் சின்னது என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்கு முந்தி, வெள்ளிக்கிழமை காலையில், வண்டிக்குப் பூசை போட்டோம். புது வண்டி எதுவானாலும் எங்கள் வீட்டில் முதல் சூடம் அம்மா கையால்தான் காட்டணும். தங்கச்சி குடும்பமும் வந்திருந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று, சூடத்தைக் காணோம். சூடம், திருநூறு, குங்குமம் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது அம்மாவின் பழக்கம். லயத்தில் எலிக்குப் பயந்து எல்லாருமே அப்படித்தான் வைப்போம். நானும் அவள் பிள்ளைதானே. ரவாங் ஐயர் கொடுத்த தர்ப்பை, கறுப்பு எள், பச்சரிசி மாவு எல்லாவற்றையும் அப்படி ஒரு பிஸ்கட் டின்னில்தான் போட்டு, வேனுக்குள் படுக்கைக்குக் கீழே வைத்திருந்தேன். தன் டின்தான் என்று நினைத்து அம்மா குனிந்து எடுத்தாள். திறந்தாள்.

டின்னை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். வீட்டுக்குள் போய்ச் சூடம் எடுத்து வந்து காட்டினாள். வண்டியைப் பழத்தின் மேல் ஏற்றி இறக்கச் சொன்னாள். எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு, நான் பட்டறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"யாருக்குடா எள்ளு?"

"போற வழியில உருண்டை புடிச்சுத் திங்கலாம்னு..."

"தர்ப்பையையும் கடிச்சுத் திம்பியோ?"

நான் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வேன் படியில் உட்கார்ந்தாள். "படுக்கைய நான் ஏன் அகலமாப் போடச் சொன்னேன்னு நெனச்சே?"

"எனக்குச் சவுகரியமா..."

"ஒனக்கு என்னாத்துக்குடா அவ்வளவு எடம்? நீ அவரத் தேடித்தான் போறேன்னு இருந்தேன். எங்கிட்ட மறைக்கிறியேன்னு சிரிச்சிக்கிட்டேன். வரும்போது ரெண்டு பேரா வருவீங்க, வயசான மனுசன் ஒக்காந்துக்கிட்டே வரமுடியாதேன்னு சொன்னேன். அந்தச் சயாம்காரி விட்டாக்கா."

லோரிக்காரன், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரேசர், போலீஸ் என்று யாரையும் பேச்சில் மடக்கியவன் நான். அன்றைக்கு ஈரக் கையால் வேன் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அவரு போயிட்டாருன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"யாரு சொன்னது?"

"மாமா. சாகறதுக்கு முன்னாடி."

"அவருதான சயாம்காரி கதைய சொன்னாரு."

"அது பொய்யும்மா. ஒங்களுக்காகச் சொன்னாரு."

"எரிச்சாங்களா, பொதச்சாங்களா?"

"எரிச்சாங்க. மாமாதான் தூக்கிப் போட்டாராம்."

"நம்ம ஆளு கைதான் பட்டுச்சு. அது போதும்" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பசியாற உட்கார்ந்தபோது என் பெண்டாட்டி கையிலிருந்த கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள். அம்மா நெற்றியில் ஒன்றும் இல்லை. இத்தனை வருடக் குங்குமம் இருந்த இடம் தோல் உரிந்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. கழுத்து வெறுமை. சடங்கு இல்லை, கூட்டம் இல்லை, பக்கத்தில் இருந்து அழ ஒரு பெண் இல்லை. அவளே கழற்றி, அவளே துடைத்துக்கொண்டாள். கயிற்றை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் சட்டைப் பையில் வைத்தாள். "ஆத்துல விட்டுடு. திருட்டுத்தனமாப் போவாதே. சொல்லிட்டுப் போ" என்றாள்.

போனேன். நோட்டில் போட்ட வழி ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. மழையில் மீன் நாற்றம் அடித்தது, சகித்துக்கொண்டேன். அந்த அகலமான படுக்கையில் ஓர் ஓரமாகத்தான் எனக்குப் படுக்க முடிந்தது. மாமா சொன்ன மேட்டுக்கு எதிர்க்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். மந்திரம் தெரியாது, அப்பா என்று மட்டும் சொன்னேன். கயிற்றைத் தண்ணீரில் விட்டேன். போன பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது இரண்டே கேள்வி. "தண்ணி ஓடுதா அங்க?"

"ஓடுதும்மா."

"வெயிலு படுதா?"

"படுது."

அதற்குப் பிறகு அவள் வேன் பக்கம் வரவில்லை. எந்தக் கல்யாணத்துக்கும் முன் வரிசையில் உட்காரவில்லை. ஆரத்தித் தட்டைத் தொடவில்லை. இரண்டு வருடம் இருந்தாள்.

இப்போது என்ன நடந்திருக்கிறதென்றால், எங்கள் குடும்ப ஒன்றுகூடலுக்குப் பேரப்பிள்ளைகள் ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதில் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம். அப்பா கனவில் வந்து தான் இறந்துவிட்டதைச் சொன்னாராம். அம்மா பொட்டை அழித்துவிட்டு, எள்ளைக் கையில் கொடுத்து, மகனைச் சயாமுக்கு அனுப்பினாளாம். சொன்னது என் தங்கச்சி. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏண்ணே பழசக் கிளர்றே? ஒனக்குத்தான் நல்ல பேரு. கனவுன்னே இருக்கட்டும் லா" என்றாள்.

என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள், எனக்குத் தெரியும். ஒரு நல்ல மனுசன் சொன்ன பொய்யில் அம்மா முப்பத்தெட்டு வருடம் இருந்தாள். இன்னொரு பொய்யில் அவளைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டாம். கனவு எதுவும் வரவில்லை. வேன் கட்டியது நான், வழி கண்டுபிடித்தது நான், எள்ளை வாங்கி வைத்தது நான், கேட்டபோது தலையை ஆட்டியதும் நான். அம்மாவின் பொட்டு அழிந்தது என்னால். புத்தகம் போடுகிற பிள்ளைகளே, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். இதை என் பெயர் போட்டு எழுதுங்கள்.