செர்பிய உதைபந்துக் கழகத்தின் சாதகம்

பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை ஆங்கிலமாக்குவது என் தொழில். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு ரப்பர் முத்திரை. வெளிநாடு போகிற சனத்தில் அரைவாசி என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. திகதி பிழைத்தவர்கள், தகப்பன் பெயர் பிழைத்தவர்கள், பிறந்ததற்கே பதிவில்லை என்று அரசாங்கக் கச்சேரி கைவிரித்தவர்கள், எல்லாரையும் பார்த்துவிட்டேன். ஒரு உதைபந்துக் கழகம் பிறந்த நேரத்தைத் தேடி அலைவேன் என்று மட்டும் நினைத்திருக்கவில்லை.

தேடச் சொன்னவர் நீர்வேலியில் எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டு அக்கா, வாழைத்தோட்டக்காரி. அவருடைய ஒரே மகன், எங்களுக்கெல்லாம் தம்பி, மேற்கு ஐரோப்பா போகவென்று வெளிக்கிட்டுச் செர்பியாவில் நின்றுபோனான். ஏஜென்சிக்காரன் கைவிட்டுவிட்டான். காட்டு வழியாக எல்லை கடக்கப்போய் இரண்டு தரம் 'திருப்பி அனுப்பிட்டாங்கள்' என்று தொலைபேசியில் சொன்னான். மூன்றாம் தரம் போகாமல் அவனைப் பிடித்து வைத்திருந்தது ஒரு சின்ன ஊரின் உதைபந்துக் கழகம். சம்பளத்துக்கு விளையாடுகிற கழகம்தான், ஆனால் மூன்றாம் பிரிவு. தலைவர் ஒரு பேக்கரி முதலாளி. அவர் இவனுக்கு மைதானத்தோடு ஒரு அறை கொடுத்து, புல் வெட்டவும், கோடு போடவும், ஆட்டத்தைப் போனில் நேரலையாகக் காட்டவும் வைத்திருந்தார். அந்தப் பிரிவில் நின்று பிடித்தால் சட்டப்படி வேலைக்குப் பதிந்து விசா எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருந்தார். கீழே இறங்கினால் கழகத்தை மூடவேண்டியதுதான். மூடினால் தம்பி திரும்பவும் காட்டுக்குள் இறங்குவான். அக்காவுக்கு உலகத்தில் வேறு பயம் கிடையாது.

இப்படித்தான் எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுச் சனம் செர்பிய மூன்றாம் பிரிவுக்கு ரசிகர்களானது. சனிக்கிழமை விளக்கு வைத்த கையோடு அக்கா வீட்டில் கூடுவோம். பால்மா டின்னில் போனைச் சாய்த்து வைத்திருப்பார். மகனைப் பார்க்கமுடியாது, படம் பிடிப்பவனே அவன்தானே. தொலைபேசியில் கதைக்கும்போதும் அங்கே நெற்வேர்க் காணாது, படம் வராது என்பான். ஆகவே அக்கா அவனுடைய இருமலைக் கேட்பார். படம் ஆடினால் கை நடுங்குகிறது, மத்தியானம் சாப்பிடவில்லை என்பார். ஓஃப்சைட் எது என்று எங்களுக்கு விளங்கப்படுத்தியதும் அவர்தான்.

கழகம் தோற்றுக்கொண்டே இருந்தது. ஒருநாள் அக்கா வேலிக்கு வந்து, கிளப்புக்கு ஒருக்கால் குறிப்புப் பார்ப்போமா என்று கேட்டார். குறிப்பு என்றால் சாதகம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உதைபந்துக் கழகத்துக்குச் சாதகம் பார்க்கிற அளவுக்கு எனக்கு விசர் பிடிக்கவில்லை என்றேன்.

"கடை திறக்க நாள் பாக்கினம், உழவு மெசினுக்கும் பாத்தனாங்கள்," என்றார் அக்கா. "உவங்கள் மட்டும் பிறக்காமலே வந்தவங்கள்?"

என் பிரிண்டரை நல்ல நேரம் பார்த்துத்தான் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்பது அவருக்குத் தெரியும். போய்க் கணினியைத் திறந்தேன்.

கழகத்தின் இணையப் பக்கத்தில் 'எங்கள் வரலாறு' என்று மிக நீளமாக ஒன்று இருந்தது. கணினி அதை ஆங்கிலமாக்கித் தந்தது. கிழங்கிலிருந்து சீனி எடுக்கிற ஆலையின் தொழிலாளிகள் ஒரு சாராயக்கடையில் கூடிக் கழகத்தைத் தொடங்கினார்கள். முதல் பந்தைச் சப்பாத்துத் தைப்பவர் தைத்தார். அது நேராகப் போகாது. உலகச் சண்டை வந்தது, மைதானத்தில் சோளம் விதைத்தார்கள். சண்டை முடிய, சோளம் முறித்துவிட்டு விளையாடினார்கள். அடுத்த சண்டையில் மைதானத்தில் இராணுவம் குதிரை கட்டியது, பதிவேடெல்லாம் எரிந்தது. பிறகு வந்த அரசாங்கம் பெயரை மாற்றியதோடு நிற்காமல், கண்ணில் காட்டக்கூடாத பக்கத்து ஊர்க் கழகத்தோடு பலவந்தமாக இணைத்தும் வைத்தது. அதற்குப் பிறகு நாட்டின் பெயரே மாறியது. திரும்பவும் மாறியது. இருந்த இடத்தை விட்டு ஒரு சாண் அசையாமல் பல நாடுகளில் விளையாடிய கழகம் அது. ஒரே ஒரு முறை முதலாம் பிரிவுக்கு ஏறி, ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று, இறங்கியிருக்கிறார்கள். அந்த ஒரு வெற்றிக்கு ஆறு பந்தி. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றுகூட எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் விழா மலரில், மைதானம் இராணுவ முகாமாக இருந்த கதையைத் தட்டச்சுச் செய்தவள் நான். குதிரையைத் தவிர எனக்கு எதுவும் புதிதாக இல்லை.

பக்கத்தின் தலையில் தொடங்கிய திகதி பெரிய எழுத்தில் இருந்தது. நேரம் இல்லை. நேரம் கேட்டுப் பேக்கரி முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் வரும்வரை அக்கா பொறுத்திருப்பாரா? அடுத்த நாளே என்னை இழுத்துக்கொண்டு சாதகம் பார்க்கிற சாத்திரியாரிடம் போனார்.

சாத்திரியார் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆணா பெண்ணா என்று கேட்டார். பதினொரு பொடியள், ஆண் என்றே போடுங்கோ என்றார் அக்கா. நேரம் தெரியாது என்றேன். சாராயக்கடை என்றால் பின்னேரம்தான் என்று அவரே ஒரு நேரத்தைப் போட்டுக்கொண்டார். பெயர் மாறியதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இணைத்து வைத்த கதையைச் சொன்னதும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அது கலியாணமெல்லோ. பொருத்தம் பாத்தவையோ?"

கம்யூனிஸ்ட் அரசாங்கம் செய்து வைத்தது என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கேட்டை நட்சத்திரம், அட்டமத்துச் சனி நடக்கிறது, சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரித்து அர்ச்சனை செய்யவேண்டும் என்று எழுதித் தந்தார்.

பிள்ளையார் கோவிலில் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்கா கழகத்தின் முழுப் பெயரையும் ஒப்புவித்தார். ஐயர் பாதியில் நின்று அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, தன்னால் முடிந்தமட்டும் சொல்லி முடித்தார். பின்னால் நின்ற பெண்கள் தங்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள்: மகனுக்கு வெள்ளைக்காரப் பெண் சரிவந்திருக்கிறது. கேட்டைப் பெண் கணவனின் தமையனுக்கு ஆகாது, இவனுக்குத் தமையன் இல்லை, ஆகவே பாதகமில்லை என்பதும் தீர்ந்துவிட்டது. அந்தக் கிழமை மூன்று பேர் வீடு தேடி வந்து சந்தோசம் தெரிவித்தார்கள். பெண் சைவமா என்று ஒருவர் விசாரித்தார். அக்கா மறுக்கவில்லை. மருமகளுக்கென்றால் ஊரே சேர்ந்து கும்பிடும், கிளப்புக்கென்றால் ஆர் கும்பிடுவினம் என்று என்னிடம் கேட்டார்.

நாலு சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரித்தோம். நாலு ஆட்டமும் தோற்றார்கள். கோல்காப்பாளருக்குத் தோள் கழன்றது. அப்போதுதான் பேக்கரி முதலாளியின் பதில் வந்தது.

இத்தனை காலத்தில் இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார். கழகத்தின் வயது போன அங்கத்தவரிடம் விசாரித்தாராம். கழகத்தைத் தொடங்கியவர்களில் அந்த அங்கத்தவரின் தகப்பனும் ஒருவர். மாலைப் பூசைக்குத் தேவாலய மணி அடித்தபோதுதான் கையெழுத்து வைத்தார்களாம். பிறகு, வெளியில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒன்றை எழுதியிருந்தார்: பக்கத்தின் தலையில் இருக்கும் திகதி எங்களுடையது இல்லை, இணைத்து வைத்த பக்கத்து ஊர்க் கழகத்தினுடையது. அது மூத்தது என்பதால், இன்னொரு எதிரி ஊர்க் கழகத்துக்கு முந்தி நூற்றாண்டு விழா கொண்டாட அதை எடுத்துக்கொண்டோம். எங்கள் சரியான திகதி கீழே.

இத்தனை வருடத்தில் என் முத்திரையின் கீழ் ஒரு திகதி பிழைத்ததில்லை. சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் பிழைத்த திகதியை வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்னமுடியவில்லை. போய்ச் சொன்னேன். அக்கா வாழையிலை வெட்டிக்கொண்டு நின்றார்.

"அப்ப, பிள்ளை, நாலு கிழமையா நாங்கள் ஆருக்கு அருச்சனை செய்தனாங்கள்?"

"பக்கத்து ஊர்க் கிளப்புக்கு, அக்கா."

"அவங்கள் இப்ப எப்பிடி இருக்கிறாங்கள்?"

"அவங்கள் இல்லை அக்கா. முடிஞ்சு எவ்வளவு காலம்."

செத்தவர்களுக்கு அர்ச்சனை செய்வித்த என்னோடு அக்கா மூன்று நாள் கதைக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாம் நாள் நானே சாத்திரியாரிடம் போய்ப் புதிய குறிப்பு எழுதுவித்து, கோவில் வரிசையில் நின்று, பூச நட்சத்திரம் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். மருமகளுக்கு நட்சத்திரம் மாறிவிட்டதா என்று பின்னால் கேட்டார்கள். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றில் வென்றார்கள், ஒன்றில் சமநிலை. என்னை ஒன்றும் கேட்காதீர்கள். கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். தோற்காமல் இருந்தாலே போதும்.

அன்றைக்கு அக்கா வீட்டில் இருக்க இடமில்லை. மருமகளைப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். இடைவேளைக்கு முதலே எங்கள் பக்கம் ஒரு கோல் வாங்கிவிட்டது. தம்பியின் இருமல் நின்றுவிட்டது, மூச்சு மட்டும் கேட்டது. அக்கா தாலிக்கொடியைப் பல்லில் கடித்துக்கொண்டு இருந்தார். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஒரு மூலை உதை. தடுப்பாட்டக்காரன் ஒருவன், மாதக்கணக்காக நாங்கள் திட்டித் தீர்த்தவன், தலையால் இடித்தான். வலை அசைந்தது.

போன் வானத்துக்குப் போனது. வானம், புல், ஆரோ ஒருவரின் சப்பாத்து, திரும்பவும் வானம். நாங்கள் எழும்பிக் கத்தினோம். தம்பி தன்னை மறந்துபோனான். போனைத் தன் பக்கம் திருப்பி, "அம்மா, விசா!" என்று வாயைத் திறந்து சிரித்தான்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவனுடைய முகம். மேல் வாயில் முன்பற்கள் ஒன்றும் இல்லை. உதட்டிலிருந்து மூக்குவரை தைத்த தழும்பு. எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவன் சொன்னது இந்த அடியைத்தான். நெற்வேர்க்கில் ஒரு பிழையும் இருந்ததில்லை, படம் வராது என்றது இந்த முகத்தை மறைக்கத்தான். கத்திக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் நின்றுபோனோம். அங்கே அவனுக்கும் அந்தக் கணம் நினைவு வந்திருக்கவேண்டும். சிரிப்பை நிறுத்தி, கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அக்கா போனைக் கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"கையை எடு மோனை," என்றார்.

அது நேரலை. இங்கே கதைப்பது அங்கே கேட்காது. அது அக்காவுக்கும் தெரியும். அவர் திரும்பவும் சொன்னார்.