முதல் பக்கத்தில் அப்பாவின் தொழிற்சாலை

பக்க வடிவமைப்பு வகுப்பு என்றாலே எனக்கு ஆரம்பத்திலிருந்து பயம். ஜோகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் ஊடகத்துறை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். செய்தி எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். கேமராவைக் கொடுத்தால் ஏதோ படம் எடுத்துவிடுவேன். ஆனால் கணினியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, இதைச் செய்தித்தாள் ஆக்கு என்றால் கை வேர்த்துவிடும். எந்தச் செய்தி மேலே, எது கீழே, தலைப்பு எவ்வளவு பெரிது, படத்தில் எதை வைத்து எதை வெட்டுவது என்று எல்லாவற்றையும் நாமேதான் முடிவு செய்ய வேண்டும். தப்பாகச் செய்தால் பக்கம் சுவரில் ஒட்டப்பட்டு, வகுப்பே சுற்றி நின்று பார்க்கும்.

ஒட்டுகிறவர் எங்கள் விரிவுரையாளர். நடுவயது மலாய்ப் பெண்மணி. பல வருடம் ஒரு பத்திரிகையில் பக்கம் போட்டுவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். நாங்கள் அவரை மலாய் வழக்கப்படி மரியாதையாக ‘புவான்’ என்று அழைப்போம். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்து சும்மா நிற்பார். அவர் தடவும் தைலத்தின் வாசம் வந்ததுமே என் கை மௌஸை விட்டுவிடும். “இந்தப் பக்கத்தில என் கண்ணு முதல்ல எங்க போகணும்?” என்று மெதுவாகக் கேட்பார். பேச்செல்லாம் மலாய்தான், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“பெரிய செய்திக்குப் பெரிய எழுத்து,” என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார். “எது பெரிய செய்தி? எவ்வளவு கிட்டத்துல நடந்துச்சு, எத்தனை பேருக்கு என்ன ஆச்சு. இந்த ரெண்டையும் பாருங்க.” எல்லோரையும் போல நானும் அதை எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு தேர்வு வந்தது. அன்று காலை நடக்கும் உண்மையான செய்திகளை வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கொரு முதல் பக்கம் செய்து கொடுக்க வேண்டும். அன்று நான் அமைச்சர் ஒருவரின் பேச்சை மேலே வைத்துவிட்டு, பத்திகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் பாலோ என்ற சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த நண்பன் இருந்தான். வகுப்பில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே ஆள்.

புவான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். “எல்லாரும் லீடை மாத்துங்க, முதல் செய்தி வேற,” என்றார். “பாசிர் கூடாங்கில ஒரு கெமிக்கல் தொழிற்சாலை எரியுது. படத்தைக் குழுவில அனுப்பிட்டேன்.”

வகுப்பில் ஓர் உற்சாகம் பரவியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மந்திரி பேச்சை வைத்து மாரடிப்பதைவிட நெருப்பு யாருக்கும் சுலபம். நான் படத்தைத் திறந்தேன். மேம்பாலத்தின் மேலிருந்து யாரோ எடுத்தது. கரும்புகை வானத்தின் பாதியை மூடியிருந்தது. கீழே வெள்ளை மதில், நீல நிறக் கேட், அதற்கு இடதுபக்கம் தகரக் கூரை போட்ட மோட்டார் சைக்கிள் கொட்டகை.

அந்த நீலக் கேட்டை எனக்குத் தெரியும். ஓவர்டைம் நாட்களில் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அந்தக் கேட்டில்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்பா அங்கேதான் வேலை செய்தார், லாரிகளுக்கு ரசாயனம் நிரப்பும் பகுதியில். அந்த வாரம் அவருக்குக் காலை ஷிப்ட்.

மேசைக்கு அடியில் வைத்து அப்பாவுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டார். உள்ளே கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். வேலை நேரத்தில் அவர் எந்த நாளும் என் அழைப்பை எடுத்ததில்லை. அதனால் அந்த மணிச் சத்தத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றாக இருந்தாலும் அப்படித்தான் அடிக்கும், இல்லாவிட்டாலும் அப்படித்தான் அடிக்கும்.

கழிவறைக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்து அம்மாவுக்கு அடித்தேன். எங்கள் அடுக்குமாடி வீடு அந்தத் தொழிற்சாலையிலிருந்து அதிக தூரமில்லை. எடுத்ததும் பின்னால் தொலைக்காட்சி சத்தம் கேட்டது.

“என்னம்மா இந்த நேரத்துல? கிளாஸ் இல்லையா?”

“சும்மாதான்மா. என்ன செய்றீங்க?”

“துணி எடுத்துக்கிட்டு இருக்கேன். வெளிய ஒரே இருட்டு லா. பெரிய மழை வரப் போவுது போல.”

அது மழை இல்லை, புகை என்று எனக்குத் தெரிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். “துணிய அப்புறம் எடுத்துக்கலாம்மா. உள்ள போய் ஜன்னல் எல்லாத்தையும் சாத்துங்க. இங்க காத்து பலமா இருக்கு, அங்கயும் வரும்.”

“சரி சரி. அப்பா மழைக்கோட்டு எடுத்துட்டுப் போனாரா தெரியல,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அம்மா அந்தக் கேட்டை நோக்கி ஓடுவார் என்று தெரியும். அதைவிட, சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பின் வரிசையில் இரண்டு பேர் தலைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். “யாராச்சும் செத்தாங்களா? செத்திருந்தா பக்கம் முழுக்கப் போடலாம், இல்லன்னா பாதிதான்.” புவான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னார்கள்.

நான் படத்தை என் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். புகையை விட்டுவிட்டு கொட்டகைக்குப் போனேன். வரிசையாக மோட்டார்கள். அப்பாவின் மோட்டாரில் பின்னால் பச்சை மழைக்கோட்டை ரப்பர் கயிற்றால் கட்டியிருப்பார். மூன்றாவதோ நான்காவதோ ஒரு வண்டியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன். பச்சை கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு கட்டம் பச்சை, பக்கத்தில் சாம்பல், அதற்கடுத்தது மறுபடி பச்சை. கொஞ்சம் சிறிதாக்கினால் மழைக்கோட்டு மாதிரி இருந்தது, பெரிதாக்கினால் ஒன்றுமே இல்லை. அது அப்பாவுடையது இல்லை என்றால், அவர் இன்று வேலைக்கே வராமல் எங்கோ போயிருக்கலாம் என்றுகூட யோசித்தேன். அப்பா அப்படிப் போகிற ஆள் இல்லை.

தைல வாசம் வந்தது.

“ஏன் படத்தோட இந்த மூலையில நிக்கிறே?” என்றார் புவான். “கீழ்ப்பகுதியில ஒண்ணுமில்ல. வெட்டிடு. புகை மட்டும் போதும்.”

நான் மௌஸில் வைத்த கையை எடுக்கவில்லை. வெட்டவும் முடியவில்லை.

“புவான், இது எங்க அப்பா வேலை செய்ற இடம்.”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு திரையை. “இப்ப உள்ள இருக்காரா?”

“காலை ஷிப்ட்.”

புவான் தன் பழைய பத்திரிகை நண்பர் யாரையோ போனில் அழைத்துக்கொண்டே வெளியே போனார். எல்லோருடைய திரையிலும் அதே புகை, வேறு வேறு அளவில்.

பாலோ நண்பன் தன் கைத்தொலைபேசியில் செய்தித் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறியதைக் கவனித்தேன். “என்ன போட்டிருக்கான், சொல்லு.”

“ஒண்ணுமில்ல லா.”

“டேய், சொல்லு.”

“ரெண்டு பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாம்.” தயங்கினான். “ஒருத்தர் பங்களாதேஷ்காரர். இன்னொருத்தர் இந்திய ஆடவர், ஐம்பது வயசு இருக்கும்னு போட்டிருக்கு.”

அப்பாவுக்கு ஐம்பத்தொன்று. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவனும் எழுந்தான். “நீ தனியா பஸ்ல போவாத. என் மோட்டார் இருக்கு.” யாரிடமோ தலைக்கவசம் இரவல் வாங்கி வந்தான். படிக்கட்டில் எதிரே வந்த புவான், “ஆஸ்பத்திரிக்கா, அங்கேயா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்கும் தெரியவில்லை. “அங்கயே போங்க. பேர் கிடைச்சா கூப்பிடுறேன்,” என்றார்.

பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஏறியதும் புகை தெரிந்தது. படத்தில் கறுப்பாக மட்டும் இருந்தது, நேரில் அடியில் மஞ்சள் கலந்திருந்தது. போகப்போக பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். தொண்டை எரிந்தது. தீயணைப்பு வண்டி ஒன்று எங்களைக் கடந்தபோது நண்பன் வண்டியை ஓரத்துக்கு ஒடித்தான். அவன் சட்டையை நான் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உள்ளே திரும்பும் சாலையில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். யாரையும் விடவில்லை.

பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் எங்களைப் போலவே ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் கைத்தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார்கள், யாரும் பேசவில்லை. ஒரு மலாய் அம்மா என்னிடம் முகக்கவசம் ஒன்றைக் கொடுத்து, “உன் வீட்டுல யாரு?” என்று கேட்டார். அப்பா என்றேன். “எனக்கு மகன்,” என்றார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரி என்றே நினைத்தேன். பச்சைப் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. நண்பன்தான் வாங்கி அழுத்தி என் காதில் வைத்தான்.

“அம்மாவுக்கு விஷயம் தெரியுமா?” அப்பாவின் குரல். இருமினார். “நாங்க எல்லாம் ஸ்கூல் ஹால்ல இருக்கோம். லாக்கர் பக்கம் விடல. இது வேற ஒருத்தர் போன். எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு.”

நான் அழுததில் அவர் பேசியது பாதி கேட்கவில்லை. அந்த மலாய் அம்மா என் முகத்தைப் பார்த்து அதைப் புரிந்துகொண்டு, மெல்லக் கையை விட்டுவிட்டுத் தன் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய மகனுக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் வகுப்புக்குப் போனபோது சுவர் காலியாக இருந்தது. அந்தத் தேர்வின் பக்கங்களைப் புவான் ஒட்டவில்லை. என்னைத் தனியாக அழைத்து வேறொரு நாள் வேறு செய்திகளை வைத்துத் தேர்வு எழுதச் சொன்னார். காய்கறி விலை ஏறியதை லீடாக வைத்துச் செய்து கொடுத்தேன், சுமாரான மதிப்பெண்ணில் பாஸானேன்.

செய்தியில் வந்த இந்திய ஆடவர் அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிற அங்கிள்தான். தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வீட்டுக்கு வருகிறவர். அவரைப் பார்க்க அப்பா, அம்மா, நான் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது கை தோள் வரை கட்டு. எங்களைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“நீ பேப்பர் படிப்புதானே படிக்கிறே? என்னைப் பத்தி என்ன போட்டிருந்தான்?”

“ஐம்பது வயசு இந்திய ஆடவர்னு போட்டிருந்தான் அங்கிள்.”

“எனக்கு நாப்பத்தாறுதான்மா!” என்று சிரித்தார். சிரிப்பு கையை இழுத்து வலித்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, “அன்னிக்கு அண்ணன்தான் அந்தக் குழாய மூட வேண்டியவரு அண்ணி, அதுலதான் தீ வந்துச்சு. நான்தான், நீங்க போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்னு அனுப்பி வெச்சேன்,” என்றார். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் வந்தது.

அப்பா எங்களிடம் அதைச் சொல்லியிருக்கவே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார். அம்மா என் தோளைப் பிடித்தார். விரல்கள் சில்லென்றிருந்தன.

தொழிற்சாலை சில வாரங்களில் திறந்துவிட்டது. அப்பா முதல் நாளே வேலைக்குப் போனார். வேறு வேலை பார்க்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, “இந்த வயசுல எவன் குடுப்பான்?” என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே வானம் இருட்டினால் அம்மா துணி எடுக்கப் போவதில்லை. முதலில் பால்கனியில் நின்று மூச்சை இழுத்து, அது மழை வாசம்தானா என்று பார்க்கிறார்.